பிள்ளைக்கு முதல் பவர் கைட்: மும்பையில் இருப்பவர்கள் எதை, எந்த அளவில் வாங்குவது?

செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பக்கத்து நம் ஆட்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பையனுக்கு எட்டு வயசாகுது, எந்த பவர் கைட் வாங்கலாம்?” நான் திருப்பிக் கேட்பது மூன்று. பிள்ளையின் எடை என்ன? எங்கே கொண்டுபோய்ப் பறக்கவிடப் போகிறீர்கள்? கூட யார் நிற்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கைட்டைத் தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை. பதில் இல்லாமல் வாங்கினால், எவ்வளவு நல்ல கைட்டாக இருந்தாலும் அது பரணுக்குப் போகும், இல்லையென்றால் பிள்ளையின் முட்டியைத் தேய்க்கும். அதனால் இந்தக் கட்டுரையிலும் கைட் கடைசியில்தான்: முதலில் இடம், அப்புறம் காற்று, அதற்குப் பிறகு கைட்.

பவர் கைட்டைப் பார்த்தே இராதவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். ஜனவரியில் டோங்கிரி கடைகளில் குவிந்து கிடக்கும் காகிதப் பட்டத்துக்கு ஒரே நூல். அது வானத்தில் நிற்பதற்காகச் செய்தது. பவர் கைட் இழுப்பதற்காகச் செய்தது. குச்சியே கிடையாது. கிழிசல் பரவாதபடி நெய்த ரிப்ஸ்டாப் நைலான் துணியை இரண்டு அடுக்காக வைத்து, நடுவில் அறை அறையாகத் தைத்திருப்பார்கள். முன்பக்கம் வாய் திறந்திருக்கும். அதன் வழியே காற்று புகுந்து, துணி இறக்கை போல உப்பிக்கொள்ளும். இந்த அமைப்பை 1960களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் டொமினா ஜல்பர்ட். இன்று வானத்திலிருந்து குதிப்பவர்கள் பயன்படுத்தும் பாராசூட்டும் இதே அமைப்பில் வந்ததுதான். பட்டத்தின் இழுவிசை அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போகாக் 1826இலேயே குதிரை இல்லாமல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். மனிதர்கள் உட்கார்ந்த வண்டியையே இழுத்த விசை இது. முப்பது கிலோ பிள்ளையின் கையில் கொடுக்கும்போது அது நினைவில் இருக்க வேண்டும்.

முதல் படி: இடம்

ஜூஹு கடற்கரை வேண்டாம். எல்லாருக்கும் முதலில் தோன்றும் இடம் அதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரையை ஒட்டியே ஜூஹு விமானத்தளம் இருக்கிறது. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ஜே.ஆர்.டி. டாட்டா வந்து இறங்கிய அதே தளம். இன்றும் அங்கே ஹெலிகாப்டர்கள் ஏறி இறங்குகின்றன. பெரிய விமான நிலையத்து ஓடுபாதையின் நீட்சியும் அந்தப் பக்கம்தான் வருகிறது. விமானங்கள் தாழப் பறக்கும் பகுதிகளில் பட்டம் விடுவதைத் தடை செய்து மும்பைக் காவல்துறை அவ்வப்போது ஆணை பிறப்பிக்கும். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் ‘விமானம்’ என்பதற்குத் தந்த விளக்கத்திலேயே பட்டமும் இருந்தது. அந்த அளவுக்குச் சட்டம் இதைப் பொருட்படுத்தியிருக்கிறது. குர்லா, காட்கோபர் பக்கம் இருப்பவர்களும் கட்டட மொட்டைமாடியிலோ அருகிலுள்ள மைதானத்திலோ முயற்சி செய்ய வேண்டாம்.

சிவாஜி பார்க், ஓவல் மைதானம் மாதிரி நகரத்து நடுவில் இருக்கும் திடல்களும் ஒத்துவராது. நெரிசல் ஒரு காரணம். அதைவிட முக்கியமானது காற்று. சுற்றிலும் கட்டடமும் மரமும் இருந்தால் காற்று நேராக வராமல் சுழன்று சுழன்று வரும். ஒரு நொடி கைட் துவண்டு விழும், மறுநொடி வெடுக்கென்று இழுக்கும். பழகியவர்களுக்கே அது எரிச்சல். பிள்ளைக்கு அது பயத்தைத்தான் பழக்கும். ஒரு கட்டடத்தின் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால்தான் அதன் பின்னால் கலங்கிய காற்று ஓரளவு தெளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பைக்காரர்களுக்கு வாய்த்த நல்ல இடம் அலிபாக் கரைதான். கேட்வேயிலிருந்தோ பாவுச்சா தக்காவிலிருந்தோ படகேறினால் மாண்ட்வா. அங்கிருந்து சாலை வழியாக அலிபாக், அக்ஷி, நாகாவ். தண்ணீர் வடிந்த நேரத்தில் அங்கே மணல் இறுகிப்போய் அகலமாகக் கிடக்கும். அலிபாக்கில் தண்ணீர் வற்றும்போது குலாபா கோட்டைக்கு நடந்தே போவார்கள். அலிபாக் கரையில் குதிரை வண்டியும் கூட்டமும் அதிகம் என்பதால் நான் அக்ஷியைத்தான் சொல்வேன். நகரத்துப் பக்கமே வேண்டும் என்றால் வடக்கே கோராய், உத்தன் வரை போய்விடுங்கள். மாலாடு அக்சா கரையில் நீரோட்டம் பொல்லாதது. கைட்டைப் பிடிக்கிறேன் என்று பிள்ளை தண்ணீரில் கால் வைக்கும் வாய்ப்பே அங்கே இருக்கக் கூடாது.

கரை எதுவானாலும் கிளம்புவதற்கு முன் ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். மும்பைக் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டுக்கும் நடுவே நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். வற்றத்தில் இருநூறடி அகலம் கிடைத்த கரை, ஏற்றத்தில் ஒரு துண்டு மணலாகச் சுருங்கிவிடும். பிற்பகலில் வற்றம் வரும் நாளாகப் பார்த்துப் போவது நல்லது. ஏன் பிற்பகல் என்பதைக் காற்றுப் பகுதியில் சொல்கிறேன்.

நிற்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் நூலின் நீளத்தைப் போல மூன்று மடங்கு வெறும் மணல் இருக்க வேண்டும். இருபது மீட்டர் நூல் என்றால் அறுபது மீட்டர். அதற்குள் ஆள், வண்டி, நாய், கிரிக்கெட் ஸ்டம்ப், மின்கம்பி எதுவும் கூடாது. மின்கம்பி அதற்கு அப்பாலும் கூடாது. கை நழுவிய கைட் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: காற்று

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கம் ஆடிதான் பட்டக் காலம். ஆனால் அந்தக் கணக்கை மும்பைக்குக் கொண்டுவரக் கூடாது. இங்கே ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை பருவமழை. காற்று குத்திக்குத்தி வரும், கடலும் கொந்தளிக்கும், இடி மின்னலும் உண்டு. ஈர நூலைப் பிடித்துக்கொண்டு இடிக்கும் வானத்தின் கீழ் நிற்பது பெரியவர்களுக்கே ஆபத்து. அந்த மாதங்களில் கைட் பையை விட்டு வெளியே வர வேண்டாம்.

அக்டோபர் கடைசியிலிருந்து மே வரை நமக்குக் காலம். வெயில் ஏறியதும் நிலம் சூடாகிக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். மதியத்துக்கு மேல் அது சீராகப் பிடிக்கும். மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ வரும். கடல்மேல் தடையில்லாமல் வருவதால் நூல் விறைப்பாக, ஒரே சீராக நிற்கும். அதோடு அது கரையை நோக்கி வீசுவதால் கை விட்டால் கைட் கடலுக்குள் போகாது, சவுக்குத் தோப்பில் போய்ச் சிக்கும். குளிர்கால அதிகாலைகளில் இது தலைகீழ்: காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். சூரிய உதயத்தைப் பார்க்க அழகான நேரம்தான், பிள்ளை கையில் கைட் கொடுக்க ஆகாத நேரம்.

எவ்வளவு காற்று வேண்டும்? மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். கருவி இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்: இலைகளும் சின்னக் கிளைகளும் ஓயாமல் அசையும், சின்னக் கொடி விரிந்து நிற்கும். புழுதியும் காகிதமும் மேலே எழும்பினால் அது 20ஐத் தாண்டிவிட்ட காற்று. பிள்ளைக்கு அன்று கைட் கிடையாது, மணலில் கோட்டை கட்டலாம். விண்டி மாதிரி செயலியைப் பார்க்கும்போது சராசரி வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்தில் திடீர் வீச்சின் வேகமும் போட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. துணியின் பரப்பு இரட்டித்தால் இழுப்பும் இரட்டிக்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்காகும். 15 கிலோமீட்டர் காற்றில் நாலு கிலோ இழுத்த கைட், 30 கிலோமீட்டரில் பதினாறு கிலோ இழுக்கும். கைட் ஒரே இடத்தில் நிற்காமல் குறுக்கே பாயும்போது அதன் வேகமும் சேர்ந்துகொள்வதால், சும்மா தலைக்கு மேல் நிற்கும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். காலையில் பொம்மை மாதிரி இருந்த கைட் மாலை நான்கு மணிக்குப் பிள்ளையைக் குப்புறத் தள்ளுவதற்குக் கைட்டின் மேல் குற்றமில்லை.

மூன்றாம் படி: அளவு

கடைப் பக்கங்களில் வயது போட்டிருப்பார்கள். நான் அதைவிட எடையைத்தான் நம்புவேன். பத்து வயதில் 24 கிலோ பிள்ளையும் உண்டு, 42 கிலோ பிள்ளையும் உண்டு. கைட்டுக்கு வயது தெரியாது.

அளவைப் பார்க்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெயருக்குப் பின்னால் வரும் எண் எல்லா நிறுவனத்திலும் ஒன்றையே குறிக்காது. ஹெச்.க்யூ. நிறுவனத்தின் சிம்பொனி பீச் வரிசையில் 1.3, 1.8, 2.2 என்பது இறக்கையின் நீளம், மீட்டரில். ப்ரிஸம் நிறுவனத்தின் சினாப்ஸ் 140, 170, 200 என்றால் அதுவும் நீளம்தான், சென்டிமீட்டரில். ஆனால் அதே ஹெச்.க்யூ.வின் பீமர் வரிசையில் 2.0, 3.0 என்றால் அது பரப்பு, சதுர மீட்டரில். 2.2 நீளமுள்ள சிம்பொனியும் 2.0 சதுர மீட்டர் பீமரும் பெயரளவில் பக்கத்துப் பக்கத்து எண்கள். இழுப்பில் பீமர் வேறு உலகம். வாங்கும் பக்கத்தில் ‘நீளமா, பரப்பா’ என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இனி என் கணக்கு. இது எழுதி வைத்த விதி கிடையாது, பிள்ளைகளோடு கரையில் நின்று பார்த்துப் பார்த்து எனக்குச் சரியென்று பட்டது.

25 கிலோவுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஏழு வயது வரை, பவர் கைட் வேண்டாம். ஒற்றை நூலில் பறக்கும் முக்கோணப் பட்டம் வாங்கிக் கொடுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பது, நூலைத் தளர்த்துவது, இழுப்பது என்று எல்லாவற்றையும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

25 முதல் 35 கிலோ வரை: இரண்டு நூல் கைட், இறக்கை நீளம் 1.2 முதல் 1.4 மீட்டர். பரப்பில் இது முக்கால் சதுர மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். முதல் கைட் வாங்கும் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த அளவுதான் பொருந்தும். ‘சின்னதா இருக்கே’ என்று தோன்றும். சின்னக் கைட் வேகமாகத் திரும்பும், விழுந்தாலும் சட்டென்று எழும்பும், பிள்ளைக்கு அலுக்காது.

35 முதல் 45 கிலோ வரை: 1.6 முதல் 1.8 மீட்டர் நீளம். இதிலிருந்து இழுப்பு தோளில் தெரியத் தொடங்கும்.

45 கிலோவுக்கு மேல், பதின்மூன்று வயதைத் தாண்டியிருந்தால்: 2 முதல் 2.2 மீட்டர் நீளம். பழகியிருந்தால் மட்டும். இந்த அளவில் சைக்கிள் ஹெல்மெட்டையும் மாட்டிவிடுங்கள்.

‘இரண்டு வருஷத்துக்கு ஆகட்டும்’ என்று பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாக எடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. கைட்டில் அது வேண்டவே வேண்டாம். எந்த அளவு என்று தடுமாறினால் சின்னதை எடுங்கள். அப்பாவும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும் கைட் என்று ஒன்றும் கிடையாது. அப்பாவுக்குச் சுவையாக இருக்கும் அளவு பிள்ளைக்கு அதிகம்.

வாங்கிய பிறகு அளவு சரிதானா என்று உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பெட்டியின் எடை பார்க்கக் கொக்கி போட்ட சின்னத் தராசு வைத்திருப்போமே, அதைக் கரைக்கு எடுத்துப் போங்கள். ஒரு பக்கத்துக் கைப்பிடிக்கும் நூலுக்கும் நடுவில் தராசை மாட்டி, பெரியவர் ஒருவர் கைட்டைக் குறுக்கே ஒருமுறை பாயவிடட்டும். உடன் வந்தவர் எண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். மொபைலில் படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது. இரண்டு நூல் என்பதால் அதை இரட்டிப்பாக்குங்கள். வரும் எடை பிள்ளையின் எடையில் கால் பங்கைத் தாண்டினால் அன்றைய காற்றுக்கு அந்தக் கைட் பெரிது. 28 கிலோ பிள்ளைக்கு ஏழு கிலோ. அவ்வளவுதான் எல்லை.

நூலும் கைப்பிடியும்

பிள்ளைக்கு வாங்கும் கைட்டில் நூல் இரண்டு போதும். நான்கு நூல் கைட்டில் கீழிரண்டும் பிரேக். கற்றுக்கொள்ள வேண்டியது இரட்டிப்பாகும், பொதுவாக அவை பெரிய அளவிலும் இழுவையிலும்தான் வரும். இன்னொரு வகை உண்டு: இரண்டு கைப்பிடிக்குப் பதில் ஒரே குறுக்குக் கோல், அதோடு மணிக்கட்டில் கட்டும் மூன்றாவது நூல். கோலை விட்டதும் கைட் அந்த ஒரு நூலில் தொங்கி, காற்றை இழந்து கொடி மாதிரி படபடத்துத் தரையிறங்கும். பாதுகாப்பு என்று பார்த்தால் பெரிய பிள்ளைகளுக்கு இது அருமையான ஏற்பாடு. விலைதான் கூடுதல்.

சின்ன அளவுகளில் பெரும்பாலும் மணிக்கட்டுப் பட்டைகள் வரும். இங்கே கவனமாக இருங்கள். சில பட்டைகள் இழுக்க இழுக்க இறுகும். பிள்ளை பயந்து கையை விரித்தாலும் பட்டை கழலாது, கைட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் பட்டையை மணிக்கட்டில் மாட்டாமல் உள்ளங்கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லிப் பழக்குங்கள், அல்லது விரல் பிடிக்கும் தடிமனில் கைப்பிடி மாற்றிக்கொள்ளுங்கள். விரலைத் திறந்தால் போய்விட வேண்டும், அதுதான் அளவுகோல். நூலைக் கையில் சுற்றிக்கொள்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

நூல் டைனீமா என்ற வலுவான செயற்கை இழையாக இருக்க வேண்டும். மெல்லியது, நீளாது, வழுக்கும். கைட் வட்டமடித்து நூல்கள் நான்கைந்து முறுக்கு முறுக்கிக்கொண்டாலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால் திருப்ப முடியும். இரண்டும் ஒரே நீளமா என்று புதிதாக வாங்கியதையும் அளந்து பாருங்கள். ஒரு விரல்கடை வித்தியாசம் இருந்தாலே கைட் ஒரு பக்கம் சாயும், பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும். இருபது மீட்டர் நூல் வந்தால் தொடக்கத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து மீட்டராகக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த நீளத்தில் கைட் பாயும் தூரம் குறைவு, இழுக்கும் நேரமும் குறைவு. திருப்பம் சுறுசுறுப்பாக இருக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மாஞ்சாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கண்ணாடித் தூள் பூசிய நூலாலும் நைலான் மாஞ்சாவாலும் கழுத்தறுபட்ட செய்திகளைச் சென்னையிலும் படித்திருக்கிறோம், மும்பையிலும் படிக்கிறோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. அப்படியும் சங்கராந்தி சமயத்தில் ஆகாயத்தில் மாஞ்சா இருக்கத்தான் செய்கிறது. ஜனவரி 14ஐ ஒட்டிய நாட்களில் கைட்டை எடுக்காதீர்கள்: மாஞ்சா உரசினால் டைனீமா அறுந்துபோகும், அறுந்த கைட் யார் தலையில் போய் இறங்கும் என்று தெரியாது. பூச்சு இல்லாவிட்டாலும் விறைத்த டைனீமா சதையை அறுக்கும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். பறக்கும்போது நூலைத் தொடக் கூடாது; கரையில் நடப்பவர்களை நூலுக்குக் குறுக்கே வரவிடவும் கூடாது.

வாங்கும்போது

நம் ஊர்ப் பட்டக் கடைகளில் இதை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் இணையத்தில் இறக்குமதியாகத்தான் வரும். சுங்க வரியும் கூரியர் செலவும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுவதும் நடக்கிற வழிதான். மடித்தால் புத்தகப் பை அளவுகூட இருக்காது.

பழைய கைட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். துணியைக் கசக்கினால் மொறுமொறுவென்று சத்தம் வர வேண்டும். வெயிலில் வெந்த துணி தொளதொளவென்று கிடக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியக் கூடாது. அடியில் கிளைகிளையாகப் பிரியும் சூத்திரக் கயிறுகளில் பிசிறு இருக்கக் கூடாது. அவை இரு பக்கமும் ஒரே நீளமா என்று கைட்டை நடுவில் மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடைசியாக, உள்ளே மணல் இருக்கிறதா என்று உதறிப் பாருங்கள். நல்ல கைட்டில் மணலை வெளியேற்ற ஓரத்தில் திறப்பு வைத்திருப்பார்கள்.

முதல் நாள்

கைட் இல்லாமலே தொடங்குங்கள். நூலை மட்டும் கட்டி, மறுமுனையைப் பெரியவர் பிடித்து இழுக்கட்டும். ‘கையை விடு’ என்று சொன்னதும் பிள்ளை இரண்டு கையையும் ஒன்றாகத் திறக்க வேண்டும். விளையாட்டுப் போலத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். யோசிக்காமல் விரல் திறக்கும் வரை கைட்டைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். விலை உயர்ந்த பொருளை விட்டுவிட்டால் அம்மா திட்டுவாள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டே இழுபட்டுப் போகிறார்கள். “விட்டால் ஒன்றும் சொல்ல மாட்டோம்” என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

அப்புறம் விரிப்பது. நீங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பீர்கள். கைட் உங்களுக்கு முன்னால், நூல் தூரத்தில், மல்லாந்து கிடக்க வேண்டும். சூத்திரக் கயிறுகள் மேலே தெரியும். பின்விளிம்பு உங்களைப் பார்த்து, வாய் திறந்த முன்விளிம்பு அந்தப் பக்கம். பின்விளிம்பின் மேல் இரண்டு மூன்று கைப்பிடி மணலைப் போடுங்கள். ஈர மணல் என்றால் இன்னும் நல்லது. அதுதான் கைட் தானாக எழும்பாமல் இருக்கப் பூட்டு. நூலை வளையத்துக்குள் வளையமாக நுழைத்து மாட்டி, இடது எது வலது எது என்று ஒருமுறை நூலோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாறியிருந்தால் எழும்பிய மறுநொடியே தலைகுப்புற விழும்.

முதலில் பெரியவர் ஐந்து நிமிடம் பறக்கவிடுங்கள். அந்தக் காற்றில் அது எப்படி இழுக்கிறது என்று உங்கள் கைக்குத் தெரியாமல் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. இழுப்பு எங்கே மிகுதி, எங்கே குறைவு என்பதைக் கடிகாரமாக நினைத்துச் சொல்லித் தரலாம். தலைக்கு மேலே பன்னிரண்டு மணி, இடக்கை ஓரம் ஒன்பது, வலக்கை ஓரம் மூன்று. ஓரங்களிலும் உச்சியிலும் கைட் சாதுவாக நிற்கும். நேர் எதிரே, நெஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, குறுக்கே பாயும்போதுதான் முழு இழுப்பும். முதல் நாள் பிள்ளைக்குப் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே போதும்.

கைட் உச்சியில் நிற்கும்போது கைப்பிடிகளைக் கைமாற்றி, நீங்கள் பின்னால் நின்று பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். கை நெஞ்சுக்குக் கீழே, முழங்கை உடம்பை ஒட்டி. வலது கையை இழுத்தால் வலப்பக்கம் போகும், இடதை இழுத்தால் இடப்பக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் கார் ஸ்டீயரிங் பிடித்த மாதிரி கைகளை மேலும் கீழும் சுழற்றுவார்கள். அதற்குக் கைட் திரும்பாது. என் தங்கை மகள் அக்ஷியில் இப்படித்தான் சுழற்றிக்கொண்டிருந்தாள். “மாமா, இது நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது” என்றாள். பின்னாலிருந்து அவள் வலது முழங்கையை மட்டும் பிடித்து இடுப்புப் பக்கம் இழுத்தேன். கைட் சரேலென்று வலப்பக்கம் சாய்ந்தது. அவள் குதிகால் இரண்டும் ஈர மணலில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டன. அதற்கு அப்புறம் அவளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இழுப்பு திடீரென்று கூடினால் என்ன செய்வது என்பது பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இயல்பாக எல்லாரும் பின்னால் சாய்ந்து பின்னுக்கு நடப்பார்கள். அது இழுப்பைக் கூட்டும். கைட்டை நோக்கி முன்னால் நாலு எட்டு ஓட வேண்டும், நூல் தளர்ந்துவிடும். அப்படியும் அடங்காவிட்டால் கையை விட வேண்டும். கைட் தண்ணீரில் விழுந்தால் அதன் பின்னால் போகவே கூடாது. வாய் திறந்த அறைகளில் தண்ணீர் புகுந்து அது பாறையாகக் கனக்கும், போனால் போகட்டும்.

இறக்கும்போது ஒன்பது அல்லது மூன்று மணிப் பக்கமாக ஓரத்துக்குக் கொண்டுபோய் மெல்லத் தாழ்த்துங்கள். இறங்கியதும் ஒருவர் ஓடிப்போய்ப் பின்விளிம்பில் மணல் போடட்டும். அதுவரை மற்றவர் கைப்பிடியைத் தரையில் வைக்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு, தண்ணீர். கரைகளில் கண்ணாடிச் சில்லு கிடக்கும், அதனால் பட்டை வைத்த செருப்போ ஷூவோ கட்டாயம். மேலே பார்த்துக்கொண்டே நிற்பதால் கண்ணுக்கு வெயில் கண்ணாடியும் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

உப்புக்காற்று பட்டிருந்தால் வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, நிழலில் உலர்த்துங்கள். பால்கனி வெயிலில் போட்டு வைத்தால் நைலான் சீக்கிரம் வெந்துவிடும். வாஷிங் மெஷின், சோப்பு எதுவும் வேண்டாம். நூலைச் சுற்றுபலகையில் எட்டு வடிவத்தில் சுற்றினால் முறுக்கு ஏறாது. மழைக்காலம் தொடங்கும் முன் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகும் பையில் வையுங்கள். ஜூலை மாத மும்பை வீட்டில் ஈரத் துணி பூசணம் பிடிக்க இரண்டு நாள் போதும்.

அடுத்த அளவுக்கு எப்போது போகலாம் என்று பிள்ளையே கேட்கும். நான் பார்ப்பது இவை: சொன்ன மணியில் கைட்டை நிறுத்த முடிகிறதா, வட்டமடித்த பிறகு நூல் முறுக்கைத் தானே எண்ணித் திருப்புகிறதா, காற்று ஏறியதும் நாம் சொல்லும் முன்பே இறக்க நினைக்கிறதா. மூன்றாவது வந்துவிட்டால் எடையையும் பார்த்துக்கொண்டு அடுத்த அளவை வாங்கித் தரலாம். பழைய சின்னக் கைட்டை விற்றுவிடாதீர்கள். காற்று கொஞ்சம் கூடிய நாட்களில் அதே பிள்ளைக்கு அதுதான் சரியான அளவு.